மேட்டு லயத்துக் கிணறு

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடுகளான பள்ளத்து லயத்துக்கு அந்த வருஷம் மார்கழி மழையோடு ரத்தக்கழிச்சலும் வந்தது. முதலில் போனது கடைசிக் காம்பராவில் இருந்த ஒரு கைக்குழந்தை. தை பிறப்பதற்குள் லயத்தில் பிள்ளைகளின் சத்தமே குறைந்துபோயிற்று. அழகருக்கும் பெரியாயிக்கும் இருந்தது ஒரே பெண், லெட்சுமி. வாசலில் மேயும் கோழியைத் தத்தித் தத்தித் துரத்துகிற வயது. ஒரு காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கியவள், மறுநாள் விடியலில், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற நேரத்தில் தாயின் மடியிலேயே அடங்கிவிட்டாள்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஓடையோடு மேலே நடந்து பார்த்தார். காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஓடையின் மேற்பக்கத்தில் இருந்த மேல் லயத்துச் சனமெல்லாம் ஒதுங்குவது அந்த ஓடைக்கரையில்தான். மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வந்து பள்ளத்து லயத்துக் குடிதண்ணீர்ப் பீலியில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் போய்ச் சொன்னதும் துரை மறுபேச்சுப் பேசவில்லை. பள்ளத்து லயத்தை இடித்துவிட்டு வேறிடத்தில் புது லயம் கட்ட வேண்டும், கக்கூசும் கட்ட வேண்டும், குடிக்க நல்ல தண்ணீர் இருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. வேலையை எடுத்துச் செய்யப் பதுளையிலிருந்து காமிலை வரவழைத்தார்கள்.

காமிலுக்கு அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. பதுளைப் பள்ளிவாசலுக்குப் பின்னால் வீடு. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டங்களில் பாதி லயங்களுக்கு அவர் கைதான் அத்திவாரம் போட்டது. தொப்பியும் சாரமும், தோளில் ஒரு துவாயுமாக மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். கொத்தர்களையோ தச்சர்களையோ கூட்டி வரவில்லை. அவர் கையில் மண்ணைக் குத்திப் பார்க்க ஓர் இரும்பு அலவாங்கு மட்டும்தான் இருந்தது.

"எங்க கட்டுறது எண்டு தெரியாம எத்தின பேரக் கூட்டி வந்து என்ன?" என்றார், வேலையாட்களின் தலைவர் கணபதிக் கங்காணியிடம். "முதல்ல மண்ணப் பார்ப்பம்."

கணபதிக் கங்காணி ஏற்கெனவே இடத்தைத் தீர்மானித்து வைத்திருந்தார். ஓடைக்கு அப்பால், பச்சைப் புல் போர்த்திய சரிவு. காலை வெயில் விழும், காற்று அடிக்காது. சரிவின் நடுவே தனியாக ஓர் ஊற்று. மேல் லயத்து அழுக்கு எதுவும் அதைத் தொடாது. மண் வெண்ணெய் மாதிரி, மம்பட்டி வைத்தால் இறங்கும். "இதவிட என்ன வேணும் நானா? தண்ணி வாசல்லயே இருக்கு" என்றார். காமிலை எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அழைத்தார்கள்.

காமில் சரிவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். அங்கங்கே நின்ற கொய்யா மரங்களின் அடிமரம் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து, பிறகு வளைந்து நிமிர்ந்திருந்தது. மண் நகரும் இடத்தில்தான் மரம் அப்படி வளரும்; அதை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு குழி வெட்ட ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். கங்காணி அழகரை அனுப்பினார். தோட்டத்தில் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டுகிறவன், மம்பட்டி பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

மகளைப் புதைத்த பிறகு அழகர் யாரோடும் அதிகம் பேசாமல் இருந்தான். குழி வெட்டும்போதும் பேசவில்லை. ஆனால் ஆள் ஆழம் இறங்கியதும் அவனாகவே நிமிர்ந்து பார்த்தான்.

"நானா, இதப் பாருங்க. செம்மண்ணுக்குக் கீழ கறுப்பு மண்ணு வருது."

காமில் குழிக்குள் இறங்கினார். கறுப்பு மண்ணில் உக்கிப்போன இலையும் வேரும் இருந்தன. இன்னும் கொஞ்சம் தோண்டினால், படுத்த வாக்கில் ஒரு முழு மரம், கையால் பிய்த்தால் பஞ்சாய் வரும் அளவுக்கு நைந்து கிடந்தது.

"இது முந்தி மேல இருந்த மண்" என்றார் காமில். "எப்பவோ ஒரு காலம் மலை இறங்கி வந்து இதுக்கு மேல படுத்திருக்கு. ஒருக்கா இறங்கின மலை, இன்னொருக்கா இறங்காது எண்டு சொல்ல ஏலாது."

துரையும் குதிரையில் வந்து பார்த்தார். குழியின் விளிம்பில் குந்தி, உக்கிய மரத்தைக் குச்சியால் கிளறினார். கொஸ்லந்தப் பக்கம் இதே மாதிரி ஒரு சரிவு லயத்தோடு போனதைத் தாம் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிவிட்டு எழுந்தார். லயம் மேட்டில் கட்டுவதென்று முடிவாயிற்று.

மேடு என்பது தேயிலை மலைக்கு மேலே கிடந்த மொட்டைத் திடல். அலவாங்கைக் குத்தினால் 'ணங்'கென்று சத்தம் கேட்டது. கெட்டிச் செம்மண், அதற்குக் கீழே பாறை. அத்திவாரத்துக்கு அதைவிட நல்ல தரை கிடையாது. ஆனால் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று கூரையைப் பிடுங்கும், தண்ணீருக்கு ஓடைச் சரிவு ஊற்றுக்குத்தான் இறங்கி ஏற வேண்டும். தோட்டத்து மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்களுக்கு அது இன்னொரு மலை.

"மேட்டுலயே ஒரு கெணறு வெட்டிருவோம் நானா" என்றான் அழகர். "எங்கப்பனோட முசிறிப் பக்கம் கெணறு வெட்டப் போயிருக்கேன். எனக்குத் தெரியும்."

"பாறையில தண்ணி வருமா எண்டு யாருக்குத் தெரியும்?"

"வராட்டிப் போகுது. தோண்டிப் பாத்துருவோம்." அவன் பள்ளத்து லயத்துப் பக்கம் திரும்பினான். "எம்புள்ள குடிச்ச தண்ணிய இனி எந்தப் புள்ளையும் குடிக்க வேணாம், நானா."

காமில் அலவாங்கை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு இடம் பார்க்க நடந்தார்.

*

ஆனி முடிவதற்குள் லயத்துக்குச் சுவர் எழும்பித் தகரமும் போட்டாயிற்று. கக்கூசுகளை மேட்டின் மறுசரிவில், காற்றுக்கும் தண்ணீருக்கும் எதிர்ப்புறமாக அமைத்தார் காமில். டிஸ்பென்சரும் கூட நின்று, குழியில் தண்ணீரை ஊற்றி அது எவ்வளவு மெல்ல உறிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் இடத்தை ஒப்புக்கொண்டார். கிணற்றுக்கு, திடலின் இரண்டு புடைப்புகளுக்கு நடுவே இருந்த தாழ்வைக் காமில் தேர்ந்தெடுத்தார். கடுங்கோடையில் திடல் முழுக்கக் காய்ந்து கிடக்கையில் அந்த இடத்துப் புல் மட்டும் பச்சை மாறவில்லை.

ஆவணியில் அழகர் கிணற்றை வெட்டத் தொடங்கினான். மேலே கப்பி, கயிறு, மண் தூக்கக் கூடை. கயிறு இழுக்க இரண்டு ஆட்கள். வேலை முடிந்து வரும் பெரியாயி, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்கு வருவாள். உள்ளே இருந்து அவன் சத்தம் கேட்கும்.

"ஏ பெரியாயி, வந்துட்டியா?"

"வந்துட்டேன். மேல வாங்க, பொழுது போச்சு."

"இன்னம் ரெண்டு கூடை. மண்ணு நெறம் மாறுது புள்ள. மஞ்சளாகுது."

மகள் போன பிறகு அவன் வாயிலிருந்து சந்தோஷமாக வந்த பேச்சு அதுதான். அவள் அதைக் கேட்பதற்காகவே தினமும் வந்தாள்.

மஞ்சள் மண்ணுக்குக் கீழே வெள்ளை மண் வந்தது. சுண்ணாம்பைப் போல வெளுப்பு, நடுநடுவே மினுமினுக்கும் காக்காப்பொன். பாறையே உக்கி மண்ணாகிய மண். காய்ந்திருக்கும்போது கல்லைப்போல நின்றது. காமில் பக்கங்களுக்குப் பலகை கொடுத்து முட்டு வைத்தார். தண்ணீர் கண்டதும் அடியிலிருந்து கல் கட்டிக்கொண்டு வரலாம் என்பது அவர் கணக்கு. கல்லும் உடைத்துக் குவித்தாயிற்று.

புரட்டாசியில் யாரும் எதிர்பாராத ஒரு மாலை, இடியோடு மழை கொட்டிற்று. மறுநாள் காலையில் காமில் கயிற்றைப் பிடித்துத் தாமே கிணற்றுக்குள் இறங்கினார். பலகைகளின் இடையே விரலை விட்டு அழுத்தினார். அலவாங்கின் முனையால் தட்டிப் பார்த்தார். ஈரம் மேலாகத்தான் தெரிந்தது, உள்ளே கெட்டியாக இருந்தது. மேலே வந்து துவாயால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்னா நானா?" என்றான் அழகர்.

"தாங்கும் போலதான் ஈக்குது."

"நேத்தே காலுக்கடியில சகதி ஒட்டிச்சு. தண்ணி பக்கத்துல வந்திருச்சு. இன்னைக்குப் பாத்துருவேன், பாருங்க."

சிரித்துக்கொண்டே இறங்கினான். பகல் வெயில் உச்சிக்கு வரும் முன்பே ஒரு சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. பெரிய மூட்டையொன்றைத் தரையில் போட்டது போல. கயிறு பிடித்திருந்தவர்கள் கீழே பார்த்தபோது பலகையும் தெரியவில்லை, அழகரும் தெரியவில்லை. வெள்ளைப் புழுதி மட்டும் மேலே எழும்பி வந்தது.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்குத் தப்புச் சத்தம் கேட்டது. வேளை கெட்ட வேளையில் தப்பு ஏன் அடிக்கிறது என்று எல்லோரும் நிமிர்ந்தார்கள். பெரியாயி எதுவும் கேட்கவில்லை. கூடையோடு, நிரைக்குக் குறுக்கே செடிகளைக் கிழித்துக்கொண்டு மேலே ஓடினாள்.

தோட்டமே திரண்டு மண்ணை அள்ளியது. அள்ள அள்ளச் சரிந்தது. காமில் மண்ணுக்குள் முழங்கால்வரை நின்று, சாரத்தை இறுக்கிக்கொண்டு, யார் தடுத்தும் ஏறாமல் தோண்டினார். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில்தான் அழகரை எடுத்தார்கள். முகம் வெள்ளையாக இருந்தது. பெரியாயி முந்தானையை நனைத்து அந்த வெள்ளையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். நல்லம்மாதான் கடைசியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். நல்லம்மா பக்கத்துக் காம்பராக்காரி, கழிச்சலில் இரண்டைப் பறிகொடுத்து இரண்டைக் காப்பாற்றிக்கொண்டவள்.

அடக்கம் முடிந்த பிறகு காமில் லயத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. பெரியாயி வெளியே வந்தாள்.

"கைய வச்சுப் பாத்தீங்கல்ல, நானா?"

"பார்த்தன்."

"தாங்கும்னு சொன்னீங்கல்ல?"

"அப்பிடித்தான் எனக்குப் பட்டிச்சு, தங்கச்சி." அவர் தம் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "அப்பிடித்தான் பட்டிச்சு."

அவள் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று காமில் அன்றைக்குத் தம் மனைவி முஹ்ஸினாவிடம் சொன்னார்.

*

கிணற்றின் வாயில் பலகை போட்டு மூடினார்கள். பள்ளத்து லயம் இடிபட்டு, மேட்டு லயத்துக்குச் சனம் குடிவந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைச் சரிவு ஊற்றுக்கு இறங்கி ஏறினார்கள். ஏறும்போதெல்லாம் மூச்சு வாங்க நின்று காமிலைச் சபித்தார்கள்.

கணபதிக் கங்காணி அதை வாய்விட்டே சொன்னார். "நான் சொன்ன எடத்துல கட்டியிருந்தா கெணறே வேண்டியதில்ல. அழகரும் உசுரோட இருந்திருப்பான். மலை எறங்குமாம், மலை! எந்த மலை எறங்கிச்சு?"

பெரியாயி குடத்தோடு அதைக் கடந்து போனாள். அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஊற்றங்கரையில் நின்று அந்தச் சரிவைப் பார்ப்பாள். பச்சைப் புல், இளவெயில், கொய்யாப் பழத்தைக் கொத்தும் கிளிகள். இங்கே ஒரு காம்பரா இருந்திருந்தால், வாசலில் அவன் குந்திப் பீடி குடித்துக்கொண்டிருப்பான் என்று நினைப்பாள். குடம் நிரம்பி வழிவதைப் பின்னால் நிற்பவள்தான் சொல்ல வேண்டும்.

கார்த்திகையில் மழை பிடித்தது. நாள் கணக்கில் விடவில்லை. மலையில் கால் வைக்க முடியாமல், ஒரு விடியலில் பெரட்டே இல்லை என்று கங்காணி ஆள் அனுப்பினார். அடுப்புப் புகை தகரத்துக்குள் முட்டிக்கொண்டு நிற்க, எல்லோரும் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்கள். அப்போதுதான் தரை நடுங்கிற்று. பிறகு ஒரு நீண்ட உறுமல், மலையே தொண்டையைச் செருமியது போல.

வெளியே ஓடிவந்து பார்த்தார்கள். மழைத் திரைக்கு அப்பால் ஓடைச் சரிவு இருந்த இடத்தில் பச்சை இல்லை. உச்சியிலிருந்து அடிவாரம்வரை ஒரே செம்புண். கொய்யா மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டு, இடித்துப்போட்ட பள்ளத்து லயத்தின் கற்களுக்கு மேல் குவிந்து கிடந்தன. ஊற்று எங்கே இருந்தது என்று கைகாட்டக்கூட முடியவில்லை.

நல்லம்மா தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். கணபதிக் கங்காணி கம்பளியோடு ஓடி வந்தவர், சரிவைப் பார்த்ததும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கே கட்டியிருந்தால் அவர் மகன் குடும்பமும் அங்கேதான் இருந்திருக்கும்.

"சாமி காப்பாத்திருச்சு" என்றது ஒரு குரல். "எல்லாரும் பொழைச்சோம்."

சொன்னவருக்கு உடனே பெரியாயியின் நினைவு வந்திருக்க வேண்டும். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தகரத்திலிருந்து வழியும் தண்ணீரில் தலை நனைய நின்றாள். அவளும் பிழைத்தவள்தான். அங்கே கட்டியிருந்தால், அவனும் அவளும் ஒரே பாயில், தூக்கத்திலேயே போயிருப்பார்கள். அது இதைவிட மோசமா, நல்லதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

*

பாதை சீரானதும் காமில் வந்தார். வண்டியை விட்டு இறங்கும் முன்பே சனம் சூழ்ந்துகொண்டது. சபித்த பெண்களே பிள்ளைகளைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டார்கள். கணபதிக் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "நானா, நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"விடுங்க, விடுங்க" என்று காமில் பின்வாங்கினார். அந்தக் கும்பிடுகள் அவர் மேல் அடியாக விழுந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியாயியின் காம்பராவுக்குப் போனார். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னது சரியாப் போச்சு, நானா" என்றாள், முறத்தை நிறுத்தாமல்.

"ஒண்டு சரி. ஒண்டு பிழை."

"சரியானது எல்லாருக்கும் கெடைச்சிச்சு." அவள் நிமிர்ந்தாள். "பிழையானது எனக்கு மட்டும்."

அவள் சொன்னதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

ஊற்று போய்விட்டதால் மழைத் தண்ணீரைத்தான் பிடித்துக் குடித்தார்கள். மழை நின்றால் மறுபடியும் அந்த அழுக்கு ஓடைதான். மூடிய கிணற்றைத் திறக்கச் சொல்லித் துரையிடமிருந்து சொல் வந்தது. இறங்க ஓர் ஆளும் முன்வரவில்லை. அழகரின் ஆவி உள்ளே இருக்கிறது என்றார்கள். ஆவியை நம்பாதவர்களும் அந்த வெள்ளை மண்ணை நம்பத் தயாராக இல்லை.

பதுளை வீட்டில் முஹ்ஸினா கணவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "நீங்களா எறங்கப் போறீங்க?"

"வேற யாரப் பார்த்து எறங்கு எண்டு சொல்லுவன்?"

"இந்த வயசில?"

"அவனுக்குச் சாகுற வயசா?"

முஹ்ஸினா அகப்பையை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்து அவள் ஓதுகிற சத்தம் கேட்டது.

இம்முறை காமில் கிணற்றின் வாயை அகலமாக வெட்டினார். மேலிருந்து கீழே படிப்படியாகக் குறுகி வரும்படி. ஒவ்வொரு படியும் முடிந்ததும் கல் கட்டி, களிமண் அடித்து, அதன் பிறகுதான் அடுத்ததைத் தொட்டார். வேலை நத்தையாக நகர்ந்தது. அவர் மட்டும்தான் உள்ளே. மேலே கயிறு இழுக்கக் கணபதிக் கங்காணியும் அவர் மகனும் நின்றார்கள். கங்காணி கயிறு பிடித்ததை அந்தத் தோட்டத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

முதல் கூடை மேலே வந்தபோது பெரியாயி அங்கே நின்றாள். யாரும் கூப்பிடவில்லை.

"இந்த மண்ண நான் கொட்டுறேன்" என்றாள்.

தடுக்கப் போன நல்லம்மாவை அவள் பார்த்த பார்வையில் நல்லம்மா ஒதுங்கிக்கொண்டாள். பெரியாயி ஒவ்வொரு கூடையையும் இறக்கி, கொட்டுவதற்கு முன் கையை விட்டு அளைந்து பார்த்தாள். வெள்ளை மண் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது.

"என்னாடி தேடுற?" என்று நல்லம்மா ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"ஒன்னுமில்ல."

ஒன்றும் கிடைக்கவும் இல்லை. வெறும் மண்தான்.

பங்குனி வெயிலில் ஒரு முற்பகல், உள்ளேயிருந்து காமிலின் குரல் வந்தது. அது சந்தோஷக் குரலாக இல்லை, அழுகிற குரலாக இருந்தது. "தண்ணி" என்றார். அழகர் நின்ற இடத்திலிருந்து ஒரு முழங்கூட இல்லாத ஆழத்தில், பாறை இடுக்கிலிருந்து குளிர்ந்த தண்ணீர் கசிந்து அவர் பாதத்தைச் சுற்றி நிறைந்தது.

கலங்கல் தெளிய விட்டார்கள். டிஸ்பென்சர் வந்து பார்த்து, குடிக்கலாம் என்றார். கணபதிக் கங்காணி கற்பூரம் கொளுத்தி, புதுக் குடத்துக்கு மஞ்சள் பூசி, பெரியாயியைக் கூப்பிட்டார்.

"மொதக் கொடம் நீதான் எடுக்கணும் ஆத்தா."

அவள் வந்தாள். கயிற்றை விட்டு இறைத்தாள். நிறைந்த குடத்தைத் தூக்கி, நல்லம்மாவின் இளைய பிள்ளையின் குவித்த கைகளில் ஊற்றினாள். பிள்ளை உறிஞ்சிக் குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று கை நீட்டியது. மறுபடியும் ஊற்றினாள். பிறகு குடத்தை நல்லம்மாவிடம் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பினாள். அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே. வெயில் காலம் முழுக்கத் தொலைவில் கசியும் ஒரு பாறைச் சுனைக்குப் போய், செம்பு செம்பாக மொண்டு வந்து குடித்தாள். யாரும் அதைப்பற்றி அவளிடம் பேசத் துணியவில்லை.

*

வைகாசியில் பெரியாயி ஊசிமலையை விட்டுப் புறப்பட்டாள். பூனாகலையில் அவள் அக்காள் இருந்தாள். நல்லம்மா அழுதாள், கங்காணி இருந்துவிடும்படி கேட்டுக்கொண்டார். "இருக்க முடியலைங்க" என்று மட்டும் சொன்னாள்.

துணி மூட்டையோடு அவள் பண்டாரவளைப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. ரயில் பண்டாரவளைக்கு அப்பால் இன்னும் வராத காலம் அது. தகரம் எடுக்கக் காமில் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினார்.

"ஏறுங்க தங்கச்சி. வெயில்."

அவள் சற்றுத் தயங்கிவிட்டு, பின்பக்கம் ஏறிக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். வெகுதூரம்வரை மாட்டின் மணியும் சக்கரமும்தான் கேட்டன. பள்ளத்தாக்கின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"நானா."

"சொல்லுங்க."

"நீங்க உள்ள எறங்கி நின்னீங்கல்ல, அவரு நின்ன எடத்துல. அங்க எப்புடி இருந்துச்சு?"

காமில் கயிற்றைப் பிடித்தபடி யோசித்தார். ஆறுதலுக்காக எதையாவது சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தார்.

"குளிர்ச்சியா இருந்திச்சு" என்றார் மெல்ல. "வெளியில காத்து இந்த அடி அடிக்குது, அங்க காத்தே இல்ல. சத்தம் இல்ல. மேல பார்த்தா வானம் ஒரு தட்டளவு தெரியும். மண் வெள்ளையா, பக்கமெல்லாம் மினுங்கும். வெயில் உச்சிக்கு வாற நேரம் மட்டும் உள்ள வெளிச்சம் விழும். அப்ப அந்த மினுக்கம் நல்ல வடிவா ஈக்கும்."

"அவருக்கு அது புடிச்சிருக்கும்" என்றாள்.

"ஓம். ஒருக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்."

"எங்கிட்டச் சொல்லவே இல்ல."

"தண்ணி கண்ட பொறகு உங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுறன் எண்டான்."

பெரியாயி அழுதாள். கிணற்றடியிலும் அடக்கத்திலும் அழாதவள், வண்டியின் பின்பலகையில், பாதையைப் பார்த்தபடி, வாய்விட்டு அழுதாள். காமில் திரும்பிப் பார்க்கவில்லை. மாடுகளைத் தட்டி ஓட்டவும் இல்லை. அவை தம்மிஷ்டத்துக்கு நடந்தன.

பூனாகலைக்குப் பிரிகிற இடத்தில் அவள் இறங்கினாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"போய்ட்டு வாறேன், நானா. ஒடம்பப் பாத்துக்கங்க. இனிமே நீங்க எறங்காதீங்க."

"எறங்க மாட்டன்."

அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, தேயிலைக்கு நடுவே போகும் ஏற்றத்தில் நடந்தாள். வளைவில் மறையும்வரை காமில் வண்டியிலிருந்து இறங்கி நின்றார். பிறகு நெடுநேரம் சக்கரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, காலடியில் இருந்த தரையையே பார்த்தபடி நின்றார். எதிரே வந்த வண்டிக்காரன் வழி விடச் சொல்லிச் சத்தம் போட்டதும்தான் ஏறி உட்கார்ந்து மாடுகளை ஓட்டினார்.